வெள்ளிப்பூண் துப்பாக்கியும் மரப்பிடிக் காமிராவும்



காவிரியாறு மூன்று இடங்களில் இரண்டாகப் பிரிந்து அரங்கனுக்குத் தீவு அமைத்துத் தந்திருக்கிறது என்பது நம்மவர் அறிந்த செய்தி. முதலாவது ஸ்ரீரங்கப்பட்டணம்; நடுவில் இருப்பது சிவசமுத்திரம்; கடைசியாக உள்ளது நம் திருவரங்கம். தொழிலை முன்னிட்டு மைசூரிலும் பெங்களூரிலும் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வருவது வழக்கம். ஊருக்குப் போக ஓய்வு கிட்டாவிட்டால், ஊரின் ஆற்றையாவது பார்த்துவிட்டுத் திரும்புவோம் என்னும் ஆசையும் அதில் கலந்திருக்கிறது. கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளைச் சேவிக்கிறார்கள். 1784ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியங்களைக் காண்கிறார்கள். கும்பஸ் என்னும் சமாதி மண்டபத்தைச் சுற்றி வருகிறார்கள். பிறகு பெரியவர், சிறியவர் எல்லாரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் படத்தை நாம் அற்பமாக எண்ணுவதற்கில்லை. அயல் மாநிலத்தில் வாழ்பவனுக்குப் புகைப்படம் கடிதத்தின் மறுபாதி. 'சௌக்கியம்' என்று எழுதினால் பெற்ற தாய் நம்புவதில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மகனுடைய கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நம்புவாள். இப்போது கைப்பேசியின் வாயிலாக அது நொடியில் போய்ச் சேருகிறது. தாயார் பார்ப்பது மட்டும் இன்னும் கன்னத்தைத்தான்.

அண்மையில் நாம் அங்கே சென்றிருந்தபோது, பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். அவருடைய பாட்டனார் திருவரங்கத்திலிருந்து வந்து குடியேறியவர். கடை அரங்கத்தை விட்டு முதல் அரங்கத்துக்கு வந்த குடும்பம் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். அன்று வீட்டில் வேடிக்கை இல்லை. பேரன் கலியாணப் படம் எடுக்கும் தொழிலில் இறங்கியிருக்கிறான். ஹாசல்பிளாட் என்னும் சுவீடன் நாட்டுக் காமிராவைப் புதிதாக வாங்க வேண்டும் என்பது அவன் எண்ணம். விலை பல இலட்சம் ரூபாய். வங்கிக் கடன் போதாது; பாட்டியின் கை வளையல்களையும் அடகு வைத்தால்தான் தொகை சேரும். பாட்டி ஒப்புக்கொண்டுவிட்டாள். பெரியவர் ஒப்பவில்லை.

"தாத்தாவே அந்தக் காமிராவைத்தான் வைத்திருக்கிறார், என்னை மட்டும் வேண்டாம் என்கிறார். நீங்களே கேளுங்கள்" என்றான் பையன்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. உள்ளே சென்று இரண்டு காமிராக்களைக் கொண்டுவந்து பாயின்மேல் வைத்தார். ஒன்று ஆக்பா கிளிக் மூன்று. நேயர்களில் மூத்தவர் பலருக்கு இது நினைவிருக்கும். பரோடாவில் செய்யப்பட்டு இந்தியா முழுவதும் விற்ற கறுப்புப் பெட்டி. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் காமிரா. மற்றொன்று அவர் பல ஆண்டுகள் பணம் சேர்த்து வாங்கிய பழைய ஹாசல்பிளாட். இரண்டாங் கையாக வாங்கியது.

"இரண்டிலும் ஒரே பிலிம்தான் போகும்" என்றார் அவர்.

நாம் அதுவரை எண்ணிப் பாராத உண்மை அது. 120ஆம் எண் சுருள் பிலிம் இரண்டுக்கும் பொது. இரண்டிலும் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். இரண்டிலும் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் சதுரம். ஆனால் ஒன்றின் விலையைப்போல் மற்றொன்றின் விலை எத்தனையோ மடங்கு. அந்த வேறுபாட்டுக்கு ஈடாக நாம் பெறுவது யாது?

பெரியவர் இரண்டு அச்சுப் படங்களையும் எடுத்துக் காட்டினார். கும்பஸ் மண்டபத்தை ஒரே இடத்தில் நின்று, ஒரே காலையில், இரண்டு காமிராவாலும் எடுத்தவை. கிளிக் எடுத்த படத்தில் நடுப்பகுதி தெளிவாக இருந்தது. ஓரத்துக்குச் செல்லச் செல்லத் தூண்கள் மங்கின. மற்றப் படத்தில் மூலையில் இருந்த மரத்தின் இலைகளையும் எண்ணிவிடலாம். "விலை இந்த மூலையில் இருக்கிறது" என்று விரலால் தொட்டுக் காட்டினார். காமிராவைப் பற்றிப் பலர் எழுதியவற்றை நாம் படித்திருக்கிறோம். இவ்வளவு சுருக்கமாக ஒருவர் விளக்கிக் கேட்டதில்லை.

அந்த மூலையைத் தெளிவாக்குவதற்கு ஒரு கம்பெனி எவ்வளவு பாடுபட்டது, பிறகு அதே கம்பெனி மூலையை மறந்து பிடியை அலங்கரிக்கப் புகுந்தபோது என்ன நேர்ந்தது என்னும் வரலாற்றைப் பையனுக்குச் சொன்னோம். அதையே இன்று நேயர்களுக்கும் கூறலாம் என்று நினைக்கிறோம்.

சுவீடன் நாட்டில் கோதன்பர்க் என்னும் துறைமுக நகரில் 1841ஆம் ஆண்டிலேயே ஹாசல்பிளாட் குடும்பம் வாணிபக் கடை வைத்திருந்தது. புகைப்படச் சாமான்களை அயல்நாட்டிலிருந்து வரவழைத்து விற்பதும் அவர்கள் தொழிலாயிற்று. அக்குடும்பத்தில் 1906இல் பிறந்த விக்டர் ஹாசல்பிளாட் பறவைகளைப் படம் எடுப்பதில் பித்துக் கொண்டவர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானிய விமானக் காமிரா ஒன்று சுவீடன் விமானப்படையின் கையில் சிக்கியது. இதைப்போல் ஒன்று செய்ய முடியுமா என்று அவரைக் கேட்டார்கள். இதைப்போல் முடியாது, இதைவிட நன்றாக முடியும் என்று அவர் விடை சொன்னதாகக் கூறுவர். மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை தொடங்கியது.

போர் முடிந்தபின், 1948இல், பொதுமக்களுக்கான காமிராவை நியூயார்க்கில் வெளியிட்டார். அதன் பெயர் 1600 எப். ஒரு நொடியில் 1600இல் ஒரு பங்கு நேரத்துக்குள் திறந்து மூடும் திரை அதில் இருந்தது. பெருமைதான், ஆனால் அந்தத் திரை அடிக்கடி பழுதாயிற்று. விற்ற காமிராக்கள் பழுதுபார்க்கத் திரும்பி வந்தன. நான்கு ஆண்டுகளில் அடுத்த காமிரா வந்தது. அதன் எண் 1000. பிறகு 1957இல் வந்தது 500 சி. திரையை உடலிலிருந்து நீக்கி, ஒவ்வொரு லென்சின் உள்ளேயும் தனித்தனியே இதழ்மூடி அமைத்தார்கள். லென்சுகள் ஜெர்மனியில் ஜைஸ் கம்பெனி செய்து கொடுத்தவை. வேகம் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்குதான். ஆனால் நம்பி எடுக்கலாம். நேயர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும். ஆயிரத்து அறுநூறு, ஆயிரம், ஐந்நூறு! பெயரில் உள்ள எண் குறையக் குறையக் காமிராவின் புகழ் உயர்ந்தது. தன் பொருளின்மேல் தானே பொறித்த பெருமையை வெட்டிக் குறைக்கும் துணிவு வாணிபத்தில் அரிது.

இந்த 500 சி காமிராவை 1962இல் வால்டர் ஷிர்ரா என்னும் அமெரிக்க விண்வெளி வீரர் ஹூஸ்டன் நகரக் கடையொன்றில் வாங்கித் தம்முடன் விண்ணுக்கு எடுத்துச் சென்றார். விளம்பரம் தேடிக் கம்பெனி கொடுத்தனுப்பியது அன்று. கடையில் விலைக்கு வாங்கியது. 1969இல் மனிதர் முதன்முதலாக நிலவில் இறங்கியபோது, அங்கே எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படங்களை எடுத்ததும் ஹாசல்பிளாட்தான். திரும்பும்போது நிலவின் கற்களுக்கு எடை வேண்டும் என்பதற்காகக் காமிராவை அங்கேயே விட்டுவிட்டுப் பிலிம் பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார்கள். பின்னும் கழற்றலாம், முன்னும் கழற்றலாம் என்னும் அமைப்பு அங்கே பயன்பட்டது.

ஆக, அந்தக் காமிராவின் விலை மிகுதியானாலும் அதற்குக் காரணம் இருந்தது. படத்தின் மூலையைக் காட்டி நியாயம் சொல்லலாம்.

இது நிற்க. விக்டர் ஹாசல்பிளாட் 1976இல் கம்பெனியை விற்றார், 1978இல் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. செல்வத்தின் பெரும்பகுதியை அறக்கட்டளைக்கு வைத்துச் சென்றார். கம்பெனியோ கைமாறத் தொடங்கியது. 1996இல் ஒரு முறை. 2003இல் ஹாங்காங்கைச் சேர்ந்த ஷ்ரீரோ குழுமத்திடம். 2011இல் வென்டிஸ் என்னும் ஜெர்மானிய முதலீட்டு நிறுவனத்திடம். இத்தகைய முதலீட்டு நிறுவனங்களின் தொழில் வேறுவகை. கம்பெனியை வாங்குவதும், சில ஆண்டுகளில் அதன் மதிப்பைக் கூட்டி விற்பதுமே அவர்கள் வேலை. அதில் பிழையில்லை. ஆனால் நல்ல லென்சும் காமிராவும் செய்யச் சில ஆண்டுகள் போதுமா என்பது வேறு கேள்வி.

அப்போது பிலிம் போய் மின்னணுக் காமிரா வந்துவிட்ட காலம். ஜப்பானியக் கம்பெனிகள் இலட்சக்கணக்கில் செய்து தள்ளின. ஆண்டுக்குச் சில ஆயிரம் காமிரா விற்கும் கம்பெனி அவர்களோடு எப்படிப் போட்டியிடும்? நிர்வாகிகள் ஒரு வழி கண்டனர். நம்மிடம் மிகுதியாக உள்ளது பெயர். அதை விற்போம் என்றனர். 2012 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் 'லூனார்' என்னும் காமிராவை அறிவித்தார்கள். லூனார் என்றால் நிலவுக்குரியது. நிலவில் விட்டுவந்த புகழை அந்தப் பெயரால் அழைத்துவரப் பார்த்தார்கள்.

காமிராவின் உள்ளே இருந்தது ஜப்பானியச் சோனி கம்பெனியின் நெக்ஸ் 7. அதே ஒளியுணரி, அதே லென்ஸ் அமைப்பு. இத்தாலியில் வடிவமைத்த மேற்கூடு புதிது. கைப்பிடிக்கு உயர்ந்த மரம், தோல், கரிநார் என்று விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம். விலை ஏறத்தாழ 5,000 யூரோ. சோனியின் பெயரோடு அதே காமிராவை வாங்கினால் அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு.

இங்கே பெரியவரின் சோதனையைச் செய்து பாருங்கள். இரண்டு காமிராவாலும் ஒரே மண்டபத்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூலையில் என்ன வேறுபாடு தெரியும்? ஒன்றும் தெரியாது. காஞ்சிபுரத்தாருக்கும் மைசூர்ப் பட்டு வாங்குவோருக்கும் இது எளிதில் விளங்கும். சேலை வாங்கும் பெண்மணி முதலில் சரிகையைக் கேட்கிறாள். வேறொருவர் தறியில் நெய்த சேலைக்குக் கரையை மட்டும் மாற்றித் தைத்து நான்கு பங்கு விலை சொன்னால் அவள் கடைக்காரரைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும்! உலகெங்கும் உள்ள புகைப்படக்காரர்கள் லூனாரை அப்படித்தான் பார்த்தார்கள். எள்ளி நகையாடினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

கம்பெனி அதோடு நிற்கவில்லை. 2013இல் சோனியின் சிறிய காமிரா ஒன்றுக்கு 'ஸ்டெல்லார்' என்று பெயரிட்டு மரப்பிடி வைத்தது. 2014இல் வேறொரு சோனிக் காமிராவை 'எச்.வி.' என்று விற்க முற்பட்டது. விற்காமல் தேங்கிய லூனார்கள் பின்னர் விலையைப் பெரிதும் குறைத்து விற்கப்பட்டன. இவற்றுக்கு இடையே நிகழ்ந்த ஒன்று நமக்கு வருத்தம் தருவது. 1957இல் பிறந்த 500 சி குலத்தின் கடைசிக் காமிராவான 503 சி.டபிள்யூ. தயாரிப்பு 2013இல் நிறுத்தப்பட்டது. தேவை குறைந்துவிட்டது என்பது உண்மைதான். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் உண்மையான நிலவுக் காமிராவின் வழித்தோன்றல் நின்ற ஆண்டிலேயே பெயரளவு நிலவுக் காமிரா கடைக்கு வந்தது.

அலங்காரமே குற்றம் என்று நாம் கூறுவதாக எண்ண வேண்டாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்துகொண்டு அப்படிக் கூற முடியாது. திப்பு சுல்தான் காலத்தில் இவ்வூர்த் தொழிற்கூடங்களில் செய்த துப்பாக்கிகள் இன்று இங்கிலாந்தின் காட்சிசாலைகளில் உள்ளன. படங்களில் நாம் கண்டிருக்கிறோம். வெள்ளிப்பூண் கட்டியவை, சுல்தானுடைய சின்னமாகிய புலித்தலையும் புலிவரியும் தாங்கியவை. குழலில் பொன் எழுத்தில் பட்டணத்தில் செய்யப்பட்டது என்று பொறித்தவையும் உண்டு. அலங்காரத்துக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆனால் அந்தக் குழலும் இயங்குபொறியும் இங்கேயே அடித்து, இங்கேயே பொருத்திய வேலை. பிரெஞ்சுத் தொழிலாளரை வரவழைத்து உள்ளூர்க் கம்மியரோடு சேர்த்து வேலை வாங்கினார் திப்பு. புலித்தலையின் அழகுக்குக் கீழே சுடக்கூடிய துப்பாக்கி இருந்தது. 1799இல் கோட்டை விழுந்தபின் அவருடைய பொன் சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். துப்பாக்கிகளை உடைக்கவில்லை. முழுசாகவே எடுத்துச் சென்றார்கள்.

விலை மிகுதியும் குற்றமன்று. ஜெர்மனியின் லைகா கம்பெனியைப் பாருங்கள். மின்னணுக் காலத்துக்கு நேரத்தில் திரும்பாததால் 2005 வாக்கில் முதலின் பெரும்பகுதியை இழந்து கவிழும் நிலைக்கு வந்தது. ஆண்ட்ரியாஸ் கௌஃப்மன் என்பவர் தம் குடும்பச் செல்வத்தைக் கொண்டு அதைத் தாங்கினார். அந்தக் கம்பெனியும் பொன்முலாம், அரிய தோல் என்று அலங்காரப் பதிப்புகளை மிக உயர்ந்த விலைக்கு விற்றதுண்டு. ஜப்பானியக் கம்பெனியின் சிறு காமிராக்களுக்குத் தன் பெயரை இட்டு விற்றதும் உண்டு. அதற்காக நாம் அதைப் பாராட்டவில்லை. ஆனால் அதன் நடு உயிராகிய எம் வரிசைக் காமிராவும் அதற்குரிய லென்சும் அதன் சொந்தத் தொழிலாகவே தொடர்ந்தன.

பிறர் உறுப்பை வாங்குவதும் குற்றமன்று. ஹாசல்பிளாட்டின் புகழ்பெற்ற லென்சே ஜைஸ் செய்ததுதானே! பின்னாளில் ஜப்பானின் பியூஜி கம்பெனியோடும் சேர்ந்து வேலை செய்தார்கள். வாங்கிய உறுப்போடு தான் எதைச் சேர்த்துப் படத்தை மேம்படுத்தினோம் என்பதே கேள்வி. லூனாரில் சேர்த்தது கைப்பிடி.

இந்த நிலையை மாற்ற 2015இல் பெரி ஊஸ்டிங் என்பவர் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வேடிக்கை என்னவென்றால், அவர் ஆபரணக் கடைகளிலும் ஆடம்பரக் கைப்பேசிக் கம்பெனியிலும் நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஆடம்பரப் பொருளின் இயல்பை உள்ளிருந்து அறிந்தவர்தான் சோனிக் காமிராவுக்கு மேற்கூடு மாட்டும் வேலையைக் கைவிட்டுப் பழைய தொழிலுக்குத் திரும்பினார். நமக்கு அதில் வியப்பில்லை. நகைக்கடையில் வேலை செய்தவருக்குத்தானே முலாம் எது, பொன் எது என்று தெரியும்!

2016இல் எக்ஸ் 1 டி என்னும் காமிராவை வெளியிட்டார்கள். பெரிய ஒளியுணரியைக் கையடக்கமான உடலில் அமைத்தது. சுவீடனில் கையால் பொருத்தியது. ஒளியுணரி இதிலும் சோனி செய்ததுதான். ஆனால் இத்தகைய காமிரா அதற்குமுன் இல்லை. ஆணைகள் வந்து குவிந்தன. அங்கே புதுச் சங்கடம் பிறந்தது. குவிந்த ஆணைக்கு ஏற்பச் செய்து கொடுக்கப் போதிய முதல் இல்லை. வாங்குவோர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பொருள் விற்காமல் கம்பெனி நலிவதை அறிவோம்; விற்பதாலும் மூச்சுத் திணறுவது உண்டு. 2015இலேயே சிறு பங்கு வாங்கியிருந்த சீனத்தின் டி.ஜே.ஐ. என்னும் ஆளில்லா விமானக் கம்பெனி 2017இல் பெரும்பங்குக்கு உரியதாயிற்று. ஊஸ்டிங் அந்த ஆண்டிலேயே விலகினார். கோதன்பர்க் குடும்பத்தின் பெயர் இன்று அப்படித்தான் வாழ்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பையன், "வெளிநாட்டுக் கம்பெனி எப்படிப் போனால் நமக்கென்ன?" என்றான். நியாயமான கேள்வி. பெரியவர் மறுபடி உள்ளே சென்றார். இம்முறை அவர் கொண்டுவந்தது உறை பிரிக்காத ஒரு பிலிம் சுருள். உறையில் 'இந்து' என்று அச்சிட்டிருந்தது. இந்து என்னும் வடசொல்லுக்கும் நிலவு என்றே பொருள். இது நம் நிலவு.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மைசூர், நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை வழியாகப் பந்திப்பூர்க் காட்டைக் கடந்து கூடலூர் ஏறினால் உதகமண்டலம். அங்கே 1960இல் நடுவண் அரசு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் கம்பெனியை நிறுவியது. பிலிமுக்கு வெள்ளி உப்பைப் பூசும் வேலைக்குத் தூசியற்ற காற்றும் குளிர்ச்சியும் தேவை. நீலகிரியில் இரண்டும் உண்டு. பிரான்சின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தி தொடங்கியது. அயல்நாட்டுச் செலாவணிக்குத் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், ஊர்ப்புற ஸ்டூடியோவுக்கும் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைக்கும் சினிமாவுக்கும் பிலிம் கொடுத்தது. கிளிக் காமிராவிலும் அது ஓடிற்று. பெரியவருடைய ஹாசல்பிளாட்டிலும் ஓடிற்று.

அந்தக் கம்பெனியின் இடர் நேர் எதிரான வகை. ஹாசல்பிளாட் பெயருக்கு மிகுதியாக விலை கேட்டது. உதகைக் கம்பெனிக்கோ இறக்குமதித் தீர்வை காவலாக நின்றது. அந்தக் காவல் என்றும் இருக்கும் என்னும் எண்ணத்தில் திட்டங்கள் அமைந்தன. 1980களில் கறுப்பு வெள்ளைப் படத்தின் சந்தை சுருங்கிக் கலர் ஓங்கியது. அப்போது எக்ஸ்ரேக்கான பாலியெஸ்டர் பிலிம் தொழிற்சாலையைப் பெருங்கடன் வாங்கிக் கட்டினார்கள். கட்டி முடிக்கத் தாமதம். தாமதத்தால் செலவு ஏற்றம். அது முடியும் தறுவாயில் 1991 வந்தது. ரூபாயின் மதிப்புக் குறைந்தது. தீர்வையும் படிப்படியாகக் குறைந்தது. அயல்நாட்டுப் பிலிம் தடையின்றி வந்து இறங்கியது. 1990களின் நடுவிலேயே நலிவுற்ற நிறுவனம் என்று முத்திரை விழுந்தது. அதன்பின் ஆண்டுதோறும் பெருகிய நட்டக் கணக்கில் பெரும்பகுதி பழைய கடனின் வட்டியே. பிலிமையே உலகம் கைவிடும் காலமும் அதற்குள் வந்துவிட்டது. 2014இல் எஞ்சிய தொழிலாளருக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை நடுவண் அமைச்சரவை ஏற்றது. சில ஆண்டுகளில் தொழிற்சாலையின் கதவு மூடப்பட்டது. அந்த இடத்துக்கு இந்து நகர் என்னும் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

அங்கே வேலை பார்த்தவர்கள் இருட்டில் கைப்பழக்கத்தால் வேலை செய்யக் கற்றவர்கள். பிலிம் பூசும் அறையில் விளக்கு எரியக் கூடாதல்லவா? சுவரும் கதவும் இருக்கும் இடத்தைக் கால் அறிந்திருக்க வேண்டும். அந்தத் தேர்ச்சிக்கு வேறு எந்தத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும்? நிர்வாகத்தின் தவறான கணக்கை இறுதியில் தீர்ப்பவர்கள் இவர்கள்தாம். கோதன்பர்க்கிலும் உதகையிலும் இதில் வேறுபாடு இல்லை.

பையன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "சரி, இப்போது விற்கிற ஹாசல்பிளாட் முலாமா, பொன்னா?" என்று கேட்டான்.

பொன்தான் என்றோம். உண்மையை மறைக்கக் கூடாதல்லவா? லூனார் காலம் போயிற்று. இப்போதைய காமிராக்கள் படத்தின் மூலைக்காகச் செய்யப்பட்டவை. 1957 முதல் வந்த பழைய காமிராக்களின் பின்னால் பிலிம் பெட்டிக்குப் பதிலாக மாட்டக்கூடிய மின்னணுப் பெட்டியையும் 2019இல் அறிவித்தார்கள். பெரியவருடைய காமிராவுக்கும் அது பொருந்தும். விலை கேட்டால் அவர் சிரித்துவிடுவார். ஆனால் பையனுக்கு வேண்டிய காமிரா எது என்பது தனிக் கணக்கு. கலியாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் சில நொடிகள். சுற்றிலும் கூட்டம் தள்ளும். அங்கே விரைவாகக் குறிபிடிக்கும் காமிரா வேண்டும். சுவர் அளவுக்கு அச்சிடும் காமிரா வேண்டுவதில்லை. மணமக்களின் தந்தையார் கேட்பது நூற்றைம்பது பக்க ஆல்பம். அவர் காமிராவின் பெயரைக் கேட்டதாக நாம் அறியோம்.

"ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார். நான் எட்டு ஆண்டு யோசித்து வாங்கினேன்; நீ எட்டுக் கலியாணமாவது யோசி" என்றார் பெரியவர்.

பெங்களூரில் காமிராவை நாள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் பல உண்டு. அண்மையில் பையன் நமக்குச் செய்தி அனுப்பியிருந்தான். மூன்று கலியாணங்களுக்கு மூன்று விதக் காமிராக்களை எடுத்துப் பார்த்தானாம். பெரிய காமிராவை முகூர்த்தத்துக்கு முன், மணப்பெண்ணைத் தனியே அமர்த்தி எடுக்க மட்டும் பயன்படுத்தினானாம். மற்ற வேலைக்குச் சாதாரணக் காமிராவே கைக்கு ஏற்றதாக இருந்ததாம். தை பிறந்தபின் முடிவு செய்வதாக எழுதியிருக்கிறான்.

வாடகைக் காமிராவைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், பாட்டியைத் தரியா தௌலத் தோட்டத்தில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்திருக்கிறான். கையில் வளையல்கள் இருக்கின்றன. அந்தப் படத்தைத் திருவரங்கத்தில் இருக்கும் பாட்டியின் தமக்கையாருக்கு அனுப்பினார்கள். அந்த அம்மாள் உடனே தொலைபேசியில் அழைத்து, "என்னடி, இப்படி இளைத்துவிட்டாய்?" என்று கேட்டாராம்.